பழைய காரின் டாஷ்போர்ட்டைத் திறப்பதற்கு முன்: வடிவமைப்பைப் பார்த்து வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

டாஷ்போர்ட்டுக்குள் வரும் பழுதுகளில் அநேகமானவை சின்னவை. எரிந்துபோன பல்ப், கழன்ற ஏர்த் வயர் (மின்சுற்றைக் காரின் உடம்போடு இணைப்பது), பச்சை பிடித்த வயர் முனை. கை எட்டினால் ஐந்து நிமிட வேலை. கை எட்ட வைக்கத்தான் அரை நாள் போகிறது. அந்த அரை நாள் மெக்கானிக்கின் திறமையை மட்டும் பொறுத்தது அல்ல. ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்பு அந்த டாஷ்போர்ட்டை வரைந்தவர் அதை எந்தப் பக்கமாகத் திறக்க வைத்தார் என்பதுதான் பாதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் டாஷ்போர்ட்டை வாசிக்கப் பழக வேண்டும்.

திருகோணமலையில் இது கூடுதலாகத் தேவை. 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. மொரிஸ், ஒஸ்டின், லான்ட் றோவர் எல்லாம் நமக்குப் புதிய பெயர்கள் அல்ல. ஆனால் நகரமோ ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் திறந்த கடலுமாக நடுவில் நிற்கிறது. உப்புக் காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பும் பித்தளையும் பச்சை பிடிக்கும். ஆனி ஆடிக் கச்சானில் பிளாஸ்டிக் காய்ந்து வெடிக்கும். ஐப்பசியில் தொடங்கும் மழையில், காய்ந்த கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் நேரே வயர்களுக்குள் இறங்கும். இந்த ஊரில் டாஷ்போர்ட்டை ஒருமுறை திறந்து சரிபண்ணிவிட்டு மறந்துவிட முடியாது. திரும்பத் திரும்பத் திறக்கத்தான் வேண்டிவரும். எனவே சுலபமாகத் திறக்கும் வடிவமைப்பு இங்கே பெரிய சொத்து.

முதற்படி: எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்று பாருங்கள்

பழைய டாஷ்போர்ட்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதல் வகை, காரின் முன் மூடியைத் தூக்கி முன்பக்கத்தால் திறப்பது. இதற்கு நல்ல உதாரணம் வொக்ஸ்வாகன் பீட்டில். அதன் எஞ்சின் பின்னால் இருப்பதால் முன் மூடிக்குள் சாமான் வைக்கும் இடம்தான் உண்டு. மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் அட்டைத் தடுப்பை எடுத்தால் டாஷ்போர்ட்டின் முதுகு முழுவதும் கண்முன் தெரியும். ஸ்பீடோமீற்றர், சுவிட்சுகள், வைப்பர் மோட்டர் எல்லாம் நின்றபடியே வேலை செய்யும் உயரத்தில் இருக்கும். ஸ்பீடோமீற்றரைப் பிடித்திருப்பவை இரண்டு ஸ்க்ரூக்கள் மட்டுமே. வீட்டில் வேலை பழக விரும்பும் ஒருவருக்கு என்னிடம் கேட்டால் பீட்டிலைத்தான் சொல்வேன்.

நடுவில் ஸ்பீடோமீற்றர் உள்ள பழைய மினியும் ஓரளவு இந்த வகைதான். பொனற்றைத் திறந்து எயார் கிளீனரை எடுத்து, ஒலித்தடுப்புப் பஞ்சை விலக்கினால், எஞ்சின் பக்கச் சுவரில் உள்ள துவாரத்தின் வழியே மீற்றரின் முதுகு கைக்கு வரும். ஸ்பீடோமீற்றர் கேபிளை அங்கிருந்தே கழற்றலாம்.

இரண்டாவது வகை, உங்களை நோக்கி வெளியே வருவது. சீரீஸ் இரண்டு, இரண்டு ஏ லான்ட் றோவரில் மீற்றர்கள் எல்லாம் நடுவில் ஒரு தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டின் ஓர ஸ்க்ரூக்களைக் கழற்றினால் முழுத் தகடும் முன்னால் சாய்ந்து வரும். 1971இல் வந்த சீரீஸ் மூன்றில் மீற்றர்கள் சாரதிக்கு முன்னால் மாறின, பிளாஸ்டிக்கும் கூடியது. பார்க்கவும் ஓட்டவும் அது வசதி. திருத்துவதற்கு நான் பழையதையே விரும்புவேன்.

நடுவில் மீற்றர் வைத்ததில் அழகை விடக் கணக்கு அதிகம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஸ்டீயரிங் வைத்து உலகம் முழுவதும் விற்க வேண்டிய காருக்கு ஒரே டாஷ்போர்ட் போதுமானதாகிவிடும். மொரிஸ் மைனர் 1954இன் பிற்பகுதியில் நடுவில் ஒரே வட்ட ஸ்பீடோமீற்றர் உள்ள டாஷ்போர்ட்டுக்கு மாறியது. அந்தச் சிக்கனம் இன்றைக்கு நமக்கு லாபம்: ஸ்டீயரிங் தண்டு குறுக்கே நிற்காது.

மைனர்தான் மூன்றாவது வகைக்கும் உதாரணம்: பக்கவாட்டில் கைவிடுவது. மீற்றரின் இரு புறமும் குளோவ் பொக்ஸ். உள்ளே இருக்கும் அட்டை உறையைக் கழற்றினால் மீற்றரின் பின்பக்கம் கை எட்டும். அந்த அட்டை பழசானால் பொரிந்து நொறுங்கும், இழுக்க வேண்டாம். நொறுங்கிவிட்டாலும் கவலையில்லை, மெல்லிய பிளைவூட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

நான்காவது வகை, முழுதாகக் கழற்றினால்தான் திறப்பது. 1970களின் கார்கள் பலவும் இப்படி. இதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரி 1 முதல் அங்கே விற்கும் கார்களின் உட்புறம், விபத்தில் தலை மோதினால் அடியைத் தாங்கிக்கொள்ளும் விதமாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. வெறும் இரும்புத் தகடு போய், பஞ்சு அடைத்த மெத்தை வந்தது. உயிரைக் காக்கும் மாற்றம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்க்ரூக்கள் மெத்தைக்குக் கீழும் மூடிகளுக்குப் பின்னும் ஒளிந்துகொண்டன. இந்த வகையில் முதல் வேலை, எல்லா ஸ்க்ரூக்களையும் கண்டுபிடிப்பது. ரேடியோவின் பின்னால், சாம்பல் தட்டின் உள்ளே, ஹீட்டர் பிடிகளின் கீழே பாருங்கள். எங்காவது இறுகி நின்றால் பலம் போடாதீர்கள், இன்னொரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது.

இரண்டாம் படி: மீற்றர்கள் தனித்தனியா, ஒரே பெட்டியா?

தனித்தனி மீற்றர் என்றால் ஒவ்வொன்றும் தன் வயரோடு, தன் பல்போடு நிற்கும். பிரித்தானியக் கார்களில் வரும் ஸ்மித்ஸ் நிறுவன மீற்றர்கள் பலவற்றில் பின்னால் ‘ப’ வடிவில் ஒரு தகடும், கையாலேயே திருகக்கூடிய சிறு நட்டுகளும் இருக்கும். ஸ்பனர் வேண்டாம். ஒரு மீற்றர் கெட்டால் அதை மட்டும் எடுக்கலாம், மற்றதைத் தொடத் தேவையில்லை.

ஒரே பெட்டிக்குள் எல்லா மீற்றர்களும் உள்ள கார்களில், பின்னால் வயருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய செம்புக் கோடுகள் ஓடும். தொழிற்சாலையில் பூட்ட இது வேகமானது, மலிவானது. நம் ஊர்க் காற்றில் அந்த மெல்லிய செம்புதான் முதலில் பச்சை பிடிக்கிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் துப்புரவாகும். கோடு அறுந்திருந்தால் மெல்லிய வயரைச் சூட்டுக்கோலால் (சோல்டரிங் அயன்) ஒட்டிப் பாலம் போடலாம். ஆனால் சூட்டுக்கோலை ஒரே இடத்தில் வைத்திருந்தால் பிளாஸ்டிக் உருகும். பெட்டியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொளுவிகளும் எளிதில் உடைபவை. காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, பிளாஸ்டிக் சற்று இளகிய பிறகு கழற்றுங்கள்.

டாஷ்போர்ட் இரும்பா மரமா என்பதையும் இந்தப் படியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரும்பு டாஷ்போர்ட்டில் மீற்றரின் உடம்பே தகட்டைத் தொட்டு ஏர்த் எடுத்துக்கொள்ளும். ட்ரையம்ஃப் ஹெரால்ட் போல மரப்பலகை உள்ள கார்களில் அப்படி நடக்காது, ஒவ்வொரு மீற்றருக்கும் கறுப்பு ஏர்த் வயர் தனியாகப் போக வேண்டும். இரும்பை எடுத்துவிட்டுத் தேக்குப் பலகை போடுகிறவர்கள் இந்த வயரை மறந்தால், மறுநாளே மீற்றர்கள் செத்ததுபோல நிற்கும். மீற்றரில் ஒரு பழுதும் இருக்காது.

மூன்றாம் படி: பற்றரியைக் கழற்றுங்கள், எந்த முனை காரின் உடம்பில் என்று உறுதிப்படுத்துங்கள்

இந்தப் படியை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். மொரிஸ் மைனரின் பியூஸ் பெட்டியில் இரண்டே இரண்டு பியூஸ். பெரிய லைட்டுகள் அவற்றின் வழியாகப் போவதேயில்லை. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் சாவி சுவிட்சுக்கும் லைட் சுவிட்சுக்கும் வரும் கபில நிற வயர்கள் பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமலே வருகின்றன. அம்பியர் மீற்றர் உள்ள லான்ட் றோவரில் ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் போவதைத் தவிர ஏறக்குறைய முழு மின்சாரமும் அந்த மீற்றரின் வழியாகவே ஓடும். அந்த வயர் முனை ஒன்று தகட்டில் பட்டால் வயர்க்கட்டு முழுவதும் எரியும். சாவியை நிறுத்தினால் போதாது.

அடுத்தது, பழைய பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை பற்றரியின் பொசிட்டிவ் முனையை உடம்பில் இணைத்தவை. மைனர் கடைசிவரை அப்படியே வந்தது. பீட்டில் நெகட்டிவ். ஆனால் இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருக்கலாம், எனவே புத்தகத்தை நம்பாமல் பற்றரிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எந்த முனை காரின் உடம்போடு இணைந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பனர் தவறி உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது. பொசிட்டிவ் ஏர்த் காரில் இன்றைய யூ.எஸ்.பி சார்ஜரையோ ரேடியோவையோ அப்படியே பூட்டாதீர்கள். அவற்றின் வெளி உலோகம் நெகட்டிவ்; உடம்பைத் தொட்டால் நேரடி ஷோர்ட்.

நான்காம் படி: கழற்றுதல்

கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று கிட்டத்தில். பிறகு ஒவ்வொரு முனையிலும் வெள்ளைத் தாள் டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள். நிறங்களை மட்டும் நம்பினால் பிழை வரும், ஐம்பது வருட வெயிலில் பச்சையும் கபிலமும் ஒன்றுபோல ஆகிவிடும். டேப் ஒட்டும் முன் வயரை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் பழைய நிறம் தெரியும்.

லூக்காஸ் என்ற மின்பாக நிறுவனத்தின் வயரிங் உள்ள பிரித்தானியக் கார்களின் நிறங்களை மனதில் வைத்திருங்கள். கபிலம்: பற்றரியிலிருந்து எப்போதும் வருவது. வெள்ளை: சாவி போட்டால் வருவது. பச்சை: சாவி போட்ட பின் பியூஸ் வழியாக வருவது. சிவப்பு: சிறு லைட்டுகளும் மீற்றர் வெளிச்சமும். நீலம்: பெரிய லைட்டுகள். கறுப்பு: ஏர்த். பச்சையில் கறுப்புக் கோடு பெற்றோல் தாங்கியிலிருந்து வருவது. ஜெர்மன் கார்களில் எண்கள் பேசும்: 30 என்றால் பற்றரி, 15 என்றால் சாவி, 31 என்றால் ஏர்த், 58 என்றால் சிறு லைட்டும் மீற்றர் வெளிச்சமும். இவை தெரிந்தால் வயரிங் படம் இல்லாமலே பாதித் தூரம் போகலாம்.

வயரைத் தவிர வேறு இரண்டு குழாய்கள் மீற்றருக்குப் பின்னால் இருக்கலாம். இவற்றைக் கவனிக்காமல் தகட்டை இழுத்தால் வரும் சேதம் பெரிது.

ஒன்று ஒயில் அழுத்த மீற்றரின் குழாய். சில கார்களில் எஞ்சின் ஒயிலே மெல்லிய குழாயில் டாஷ்போர்ட் வரை வரும். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள், கீழே துணி பிடியுங்கள். முனையில் இருக்கும் சின்ன வாஷரைத் தொலைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் ஒயில் உங்கள் முழங்காலில் சொட்டும்.

மற்றது வெப்ப மீற்றரின் மெல்லிய செம்புக் குழாய். இதற்குள் ஈதர் அடைத்து மூடியிருக்கும். மீற்றரும் குழாயும் எஞ்சின் பக்க முனையும் ஒரே பொருள். பிரிக்க முடியாது, வெட்டவே கூடாது. குழாய் மடிந்து வெடித்தால் ஈதர் போய்விடும், மீற்றர் அன்றோடு சரி. இப்படிப்பட்ட மீற்றரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் எஞ்சின் பக்க முனையைக் கழற்றி, குழாயைப் பெரிய வளையமாகச் சுற்றி, ரப்பர் துவாரம் வழியாக மெதுவாக உள்ளே எடுங்கள். மின்சார மீற்றர் வந்த பிறகு இந்தத் தொல்லை இல்லை. புதிய வடிவமைப்பு திருத்துவோருக்கு உண்மையாகவே உதவிய இடம் இது.

ஐந்தாம் படி: பழுதைத் தேடுதல்

“முதல் ஏர்த்தைப் பார் தம்பி” என்று பழைய வயரிங்காரர்கள் சொல்வார்கள். கடலோர ஊரில் அதற்கு மேல் நல்ல அறிவுரை கிடையாது. மீற்றர் தகட்டிலிருந்து பற்றரியின் ஏர்த் முனைக்குத் தற்காலிகமாக ஒரு வயர் பிடித்துப் பாருங்கள். மங்கிய லைட் பிரகாசமானால், நடுங்கிய முள் நின்றால், பழுது அதுதான். ஏர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக எமரித் தாளால் தேய்த்துப் பூட்டி, மேலே வாசலின் பூசுங்கள்.

பெற்றோல் மீற்றர். இதில் இரண்டு வகை. இரண்டுக்கும் சோதனை தலைகீழ். சாவி போட்டதும் முள் உடனே துள்ளி, வளைவில் கார் சாயும்போது ஆடினால் பழைய வகை. தாங்கியிலிருந்து வரும் வயரைக் கழற்றினால் அதில் முள் ‘நிரம்பியது’ காட்ட வேண்டும், வயரை ஏர்த்தில் தொட்டால் ‘வெறுமை’ காட்ட வேண்டும். முள் சோம்பலாக மெல்ல ஏறினால் புதிய வகை, உள்ளே சூடாகி வளையும் தகடு இருக்கிறது. இதில் வயரைக் கழற்றினால் வெறுமை, ஏர்த் தொட்டால் நிரம்பியது. நீண்ட நேரம் தொட்டபடி வைக்க வேண்டாம். இரண்டு சோதனையிலும் மீற்றர் சரியாகக் காட்டினால் பழுது தாங்கியிலோ இடையில் உள்ள வயரிலோ இருக்கிறது. டாஷ்போர்ட்டைத் தொடாமலே இதை அறியலாம், தாங்கிப் பக்கத்திலேயே வயரைக் கழற்றிச் சோதித்தால் போதும்.

மெல்ல ஏறும் வகை மீற்றர் இருந்தால் வோல்ட் நிலைப்படுத்தியும் இருக்கும். டாஷ்போர்ட்டின் பின்னால் ஒரு சிறிய உலோகப் பெட்டி. உள்ளே ஒரு முனை திறந்து மூடிக்கொண்டே இருந்து, சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். பெற்றோல் முள்ளும் வெப்ப முள்ளும் இரண்டுமே ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் காட்டினால் மீற்றர்களை விட்டுவிட்டு இந்தப் பெட்டியைப் பாருங்கள். பெட்டியின் ஏர்த் போய்விட்டால் அது வேலை செய்யாது, முழு 12 வோல்ட்டும் மீற்றருக்குப் போய்விடும். இலக்க மீற்றரில் அளந்தால் எண் ஏறி இறங்கிக் குழப்பும். ஒரு சோதனை பல்ப் வைத்துப் பாருங்கள், விட்டு விட்டு எரிந்தால் நல்லது.

சார்ஜ் லைட், அதாவது பற்றரி சார்ஜ் ஆகாவிட்டால் எரியும் எச்சரிக்கை லைட். டைனமோ (பற்றரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை மின்னாக்கி) உள்ள காரில் இந்தப் பல்ப் எரிந்துபோனால் லைட் மட்டும்தான் போகும், பற்றரி சார்ஜ் ஆகும். ஆனால் நம் பக்கத்தில் பல பழைய கார்களுக்கு அதன் புதிய வகையான ஆல்டர்நேற்றர் போட்டுவிட்டார்கள். அநேகமான ஆல்டர்நேற்றர்கள் வேலையைத் தொடங்க இந்தப் பல்ப் வழியாக வரும் சிறு மின்சாரம் தேவை. ஸ்மித்ஸ் மீற்றர்களின் 2.2 வாட் பல்ப்புக்குப் பதில் எல்.இ.டி போட்டால் சார்ஜ் ஏறாமலே போகலாம். பற்றரி சாகிறது என்று புதிய பற்றரி வாங்க முன் இந்தப் பல்ப்பைப் பாருங்கள்.

ஸ்பீடோமீற்றர் முள் ஆடினால், பழுது பெரும்பாலும் கேபிளில். உள் கேபிளை உருவி எடுத்துத் துடைத்து, கிறீஸ் பூசித் திரும்ப விடுங்கள். பிறகு மேல் முனையை சுமார் 20 சென்டிமீற்றர் வெளியே இழுத்து, அந்தப் பகுதியின் கிறீஸைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுழலும் கேபிள் கிறீஸை மேலே ஏற்றி மீற்றருக்குள் தள்ளும். கேபிள் எங்கேயும் 15 சென்டிமீற்றர் ஆரத்தை விட இறுக்கமாக வளையக்கூடாது. பீட்டிலில் கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருவதில்லை, முன் சில்லிலிருந்து வருகிறது. சில்லின் நடு மூடியில் கேபிளைப் பிடிக்கும் சின்னப் பின் போயிருக்கிறதா என்று பாருங்கள். முள் ஆடாமல் வேகம் மட்டும் தவறாகக் காட்டினால், ரயர் அளவோ டிஃபரன்ஷலோ மாறியிருக்கலாம். ஸ்மித்ஸ் மீற்றரின் முகத்தில் சிறிய எழுத்தில் உள்ள எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்கிறது. பழைய மீற்றர் வாங்கக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், வடிவம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது.

ஆறாம் படி: அடுத்த முறைக்காகப் பூட்டுங்கள்

இந்தப் படியில்தான் ஒரு காரின் எதிர்காலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வடிவமைத்தவர் கொடுத்த வசதியைப் பலர் தங்கள் கையாலேயே அடைத்துவிடுகிறார்கள்: மெத்தை ஒட்டுவது, தகட்டைப் பசையால் பிடிப்பது, வயர்களைக் கட்டிறுக்கி இழுத்துப் பூட்டுவது.

மீற்றர்த் தகட்டை முன்னால் இழுத்து மடியில் வைக்கும் அளவுக்கு வயரில் தளர்ச்சி விடுங்கள். தகட்டுக்கென்று ஒரு தனி ஏர்த் வயரைப் பற்றரி ஏர்த் வரை கொண்டுபோங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூவை நம்பி இருக்க வேண்டாம். பியூஸ் இல்லாத பெரிய லைட்டுகளுக்குப் பியூஸ் சேர்க்கலாம், ஆனால் இடப்பக்க விளக்குக்கும் வலப்பக்க விளக்குக்கும் தனித்தனியாக. இரண்டும் ஒரே பியூஸில் என்றால், கந்தளாய்க் காட்டு வழியில் இரவில் அது போனால் முழு இருட்டு. சாதாரண இரும்பு ஸ்க்ரூக்களுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போட்டு, புரியில் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். வெடித்த கண்ணாடி ரப்பரை மழை தொடங்க முன்பே மாற்றுங்கள். அதைச் செய்யாமல் கீழே வயர் வேலை செய்வது வீண் செலவு.

புதிதாக ஏதாவது வயர் இழுத்தால் உண்மையான நிறத்திலேயே இழுங்கள், கையில் கிடைத்த சிவப்பு வயரில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். எடுத்த படங்களோடு, நீங்கள் மாற்றியவற்றை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் குளோவ் பொக்ஸில் வையுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு தகட்டின் கடைசி ஸ்க்ரூக்களை இறுக்காமல் பற்றரியை இணைத்து, இருட்டிய பின் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். சிறு லைட், பெரிய லைட், இரு பக்க சிக்னல், பிரேக், வைப்பர், ஹோர்ன். சிக்னல் போடும்போது மீற்றர் வெளிச்சமும் சேர்ந்து மினுங்கினால் ஏர்த் இன்னும் சரியில்லை, திரும்ப அதைப் பாருங்கள். நிலாவெளி வரை ஒருமுறை ஓடி வந்து, முள்கள் நிலையாக நிற்கின்றனவா, குழாய் முனைகளில் ஒயில் கசிகிறதா என்று தடவிப் பார்த்த பிறகு கடைசி ஸ்க்ரூக்களை இறுக்குங்கள்.